பிரித்தானியப் படையெடுப்பு: கடனும் கொடையும்

பிரித்தானியப் படையெடுப்பு என்பது 1964 முதல் சில ஆண்டுகள் இங்கிலாந்து ராக் இசைக்குழுக்கள் அமெரிக்க இசைத்தட்டுச் சந்தையிலும் இளைஞர் வாழ்விலும் பெற்றிருந்த செல்வாக்கைக் குறிக்கும் பெயராகும். பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், அனிமல்ஸ், கிங்க்ஸ் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. இக்குழுக்கள் அமெரிக்க இளைஞருக்கு ஒரு புதிய இசையைத் தந்தன என்று பொதுவாகக் கூறப்படுகிறது. இக்கூற்று பாதி மட்டுமே சரியானது.

பின்னணி

1964 பிப்ரவரி 7 அன்று பீட்டில்ஸ் நியூயார்க்கில் வந்திறங்கினர். 9ஆம் நாள் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர்களை ஏறத்தாழ 7.3 கோடிப் பேர் கண்டனர். ஏப்ரல் 4 அன்று பில்போர்டு பட்டியலின் முதல் ஐந்து இடங்களும் அவர்களுடையவையாக இருந்தன.

அமெரிக்காவில் ராக் இசையின் முதல் வேகம் அதற்கு முன்பே தணிந்திருந்தது. லிட்டில் ரிச்சர்டு 1957இல் சமய வாழ்வுக்குத் திரும்பினார். பட்டி ஹோலி 1959இல் விமான விபத்தில் இறந்தார். சக் பெர்ரி சிறை சென்று 1963இல்தான் வெளிவந்தார். இங்கிலாந்துக் குழுக்கள் இந்த வெற்றிடத்தில்தான் நுழைந்தன.

கடன்

அவை கொண்டுவந்த இசையின் வேர் அமெரிக்காவிலேயே, பெரும்பாலும் கறுப்பின மக்களிடையே இருந்தது. துறைமுக நகரமான லிவர்பூலிலும் இலண்டனிலும் வளர்ந்த இளைஞர்கள் அமெரிக்க இசைத்தட்டுகளைக் கேட்டே பாடக் கற்றனர். பீட்டில்சின் தொடக்க கால இசைத்தொகுப்புகளில் சக் பெர்ரியின் பாடலும், ஐஸ்லி சகோதரர்களும் மார்வலெட்சும் பாடிப் புகழ்பெற்ற பாடல்களும் உள்ளன. ரோலிங் ஸ்டோன்சின் பெயரே மடி வாட்டர்ஸ் 1950இல் வெளியிட்ட ஒரு பாடலின் பெயரிலிருந்து எடுக்கப்பட்டது.

மடி வாட்டர்ஸ் சிகாகோ நகரிலேயே வாழ்ந்து பாடிவந்தார். ஆயினும் அதே நாட்டின் வெள்ளையின இளைஞர் பலர் அவரைப் பற்றி இங்கிலாந்துக்காரர் வாயிலாகவே அறிந்தனர். கறுப்பினக் கலைஞர்களின் இசைத்தட்டுகள் பில்போர்டு இதழில் 1949 வரை ‘இன இசைத்தட்டுகள்’ என்ற தலைப்பில் தனியே பட்டியலிடப்பட்டன. பெயர் மாறிய பின்னும் தனிப்பட்டியல் தொடர்ந்தது. இசை வீட்டிலேயே இருந்தது. இடையில் இனச்சுவர் நின்றது.

கொடை

எனினும் இக்குழுக்களை வெறும் நகல்கள் என ஒதுக்குவதும் பிழை. தாமே பாடல் எழுதி, தாமே இசைத்துப் பாடும் நண்பர் குழு என்ற வடிவத்தை அவை பரவலாக்கின. அமெரிக்காவெங்கும் வீட்டு வண்டிக்கொட்டகைகளில் பள்ளி மாணவர் கிட்டாருடன் கூடினர். பீட்டில்சின் முதல் திரைப்படத்தைக் கண்ட ரோஜர் மெக்குவின் பன்னிரு கம்பிக் கிட்டார் வாங்கினார்; அவருடைய பேர்ட்ஸ் குழு 1965இல் நாட்டுப்புற ராக் இசைக்கு வழிதிறந்தது.

தலைமுடியும் ஒரு வழக்கானது. 1966இல் டாலஸ் நகரில் இசைக்குழு ஒன்றைச் சேர்ந்த மூன்று மாணவர்களை நீண்ட முடிக்காகப் பள்ளியில் சேர்க்க மறுத்தனர். 1968இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பள்ளியின் பக்கமே தீர்ப்பளித்தது. அம்மாணவர் கேட்டது முடிவளர்க்கும் அனுமதி மட்டுமன்று. தன் தோற்றத்தைத் தானே தீர்மானிக்கலாமா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. அதற்குப் பள்ளிகள் ஒழுங்கு என்ற ஒற்றைச் சொல்லால் விடையளிக்க முயன்றது போதுமானதாக இல்லை.

மதிப்பீடு

இங்கிலாந்துக் குழுக்கள் கறுப்பினக் கலைஞர்களைச் சந்தையிலிருந்து விரட்டின என்ற குற்றச்சாட்டு முழுமையாகப் பொருந்தாது. சுப்ரீம்ஸ் என்ற கறுப்பினப் பெண்கள் குழு அதே 1964இல் மூன்று பாடல்களை முதலிடத்திற்குக் கொண்டுசென்றது. அக்குழுக்களை அளக்கத் தகுந்த கோல் வேறு: கடன் கொடுத்தவரை அவை பெயர் சொல்லிக் காட்டினவா என்பதே அது.

1964 செப்டம்பரில் ஜாக்சன்வில் நகரில் இனவாரியாகப் பிரித்து அமர்த்தப்பட்ட அவையினர் முன் பாட பீட்டில்ஸ் மறுத்தனர். பிரிவினையின்றியே நிகழ்ச்சி நடந்தது. 1965இல் ‘ஷிண்டிக்’ தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அழைக்கப்பட்ட ரோலிங் ஸ்டோன்ஸ், புளூஸ் பாடகர் ஹவ்லின் வுல்ஃபும் மேடையேற வேண்டும் என வலியுறுத்தினர். அன்று அவர் பாடியபோது அக்குழுவினர் அவர் காலடியில் அமர்ந்து கேட்டனர்.

இதற்கு மாறாக, லெட் செப்பெலின் 1969இல் வெளியிட்ட புகழ்பெற்ற பாடலொன்றில் வில்லி டிக்சனின் வரிகள் இருந்தும் அவர் பெயர் இடம்பெறவில்லை. அவர் 1985இல் வழக்குத் தொடுத்து, 1987இல் உடன்பாடு எட்டிய பிறகே ஆசிரியர்களுள் ஒருவராகச் சேர்க்கப்பட்டார்.

பிறரிடம் கற்றுப் பாடுவது இசையில் இயல்பு, அதில் இழுக்கில்லை. கற்ற இடத்தை மறைப்பதே இழுக்கு. பிரித்தானியப் படையெடுப்பின் வரலாற்றில் இவ்விரண்டும் உள்ளன. இங்கிலாந்துக் குழுக்களின் பாடல்களைக் கேட்போர் மடி வாட்டர்ஸ், ஹவ்லின் வுல்ஃப், வில்லி டிக்சன் ஆகியோரின் இசைத்தட்டுகளையும் சேர்த்துக் கேட்டால் இந்த வேறுபாடு தெளிவாகும்.