ஒன்பதரை மணி ராதிகா

ராதிகாவின் நடிப்பைப் பார்க்க எனக்கென்று ஒரு முறை இருக்கிறது. அவர் வசனம் பேசும்போது ஓரளவு கவனித்தால் போதும். எதிரே நிற்பவர் பேசும்போதுதான் கண் வெட்டாமல் பார்க்க வேண்டும். மாமியார் ஏசுகிறார், புருஷன் பொய் சொல்கிறான், பெற்ற பிள்ளை எதிர்த்துக் கதைக்கிறது. இவர் கேட்டுக்கொண்டு நிற்கிறார். முதலில் நம்பிவிட்ட மாதிரி ஒரு சின்னத் தலையசைப்பு. பிறகு உதடு இறுகும். கண் எதிராளியை விட்டுத் தரைக்குப் போய் ஒரு கணம் நின்று திரும்பி வரும். வரும்போது தீர்ப்பு முடிந்திருக்கும். அதற்குப் பிறகு அவர் என்ன பேசினாலும் அது தீர்ப்பை வாசிப்பதுதான். தமிழ்ச் சின்னத்திரையில் அழத் தெரிந்தவர்கள் நிறையப் பேர், கத்தத் தெரிந்தவர்கள் அதைவிட நிறையப் பேர். கேட்கத் தெரிந்தவர் என்றால் எனக்கு ராதிகா ஒருவர்தான்.

இப்படிப் பார்க்கும் பழக்கம் எனக்கு ஜெனரேட்டரால் வந்தது. 1990இல் சண்டை மறுபடி தொடங்கியதோடு எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோனது. அதன் பிறகு படம் பார்ப்பதென்றால் சாமத்திய வீடோ, யாராவது வெளிநாட்டுக்குப் போகிற வீடோ வரவேண்டும். டிவியும் டெக்கும் வாடகைக்கு வரும். ஜெனரேட்டரைக் கிணற்றடிக்குப் பின்னால் கொண்டுபோய் வைப்பார்கள். பெட்ரோலில் எழுப்பி மண்ணெண்ணெயில் ஓடவிடுவது அந்தக் கால வித்தை. அது புகைக்கும், இருமும், நடுவில் மூச்சு வாங்கும். அப்போது திரையில் நிற்கிற ஆள் ஒடுங்கி மறுபடி நிமிர்வார். இரவு முழுக்கப் படம். முற்றத்தில் பாய் விரித்துக் கிடக்கிற எங்களுக்கு அந்த இரைச்சலில் பாதி வசனம் கேட்காது.

“என்னவாம்? என்ன சொல்லுறாள் அவள்?” என்று அம்மம்மா கேட்டுக்கொண்டே இருப்பா.

“பேசாமல் முகத்தைப் பாருங்கோ அம்மா, விளங்கும்” என்பா அம்மா.

‘கிழக்குச் சீமையிலே’யை நான் அப்படித்தான் பார்த்தேன். 1993இல் பாரதிராஜா எடுத்த படம். அண்ணன் விஜயகுமார், கணவன் நெப்போலியன், இரண்டு பேருக்கும் நடுவில் விருமாயியாக ராதிகா. மதுரைப் பக்கத்துத் தமிழ், அதுவும் ஜெனரேட்டர்ச் சத்தத்துக்குள். எங்கள் முற்றத்தில் ஒருவருக்கும் முழுதாகப் பிடிபட்டிருக்காது. ஆனால் அண்ணன் பக்கம் ஒரு பார்வை, புருஷன் பக்கம் ஒரு பார்வை என்று அந்த மனுஷி தவித்த தவிப்பு விளங்காமல் போகவில்லை. எல்லோருக்கும் முன்னால் அழுதது அம்மம்மாதான். பல வருஷம் கழித்து நல்ல பிரதியில், ஒவ்வொரு சொல்லும் கேட்கும்படி அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். அன்று விளங்கியதற்கு மேல் பெரிதாக ஒன்றும் கூடவில்லை. நடிகைக்கு இதைவிட வேறென்ன சான்றிதழ் வேண்டும்?

அவர் எங்கள் ஊர்ப் பிள்ளை இல்லை. ஆனாலும் யாழ்ப்பாணத்துப் பெண்டுகளுக்கு அவர் மேல் ஒரு பாதி உரிமை உண்டு. தாய் கீதா இலங்கைத் தமிழர். தகப்பன் எம்.ஆர். ராதா. அவர் நடித்த ‘ரத்தக்கண்ணீர்’ படத்தின் வசனங்களை மனப்பாடமாகச் சொல்லும் கிழவர்கள் எங்கள் பக்கத்தில் சந்திக்கு ஒருவராவது இருந்தார்கள். 1962இல் பிறந்த ராதிகா கொஞ்சம் இந்தியா, கொஞ்சம் இலங்கை, பிறகு லண்டன் என்று படித்தவர். பாரதிராஜா பிடித்துக்கொண்டுபோய் ‘கிழக்கே போகும் ரயில்’ படத்தில் பாஞ்சாலி ஆக்கியது 1978இல். படம் வெளியானபோது அவருக்குப் பதினாறு வயதுகூட நிரம்பவில்லை. தமிழ் சரளமாக வராத, லண்டன் வாடை போகாத பெண்ணைக் கிராமத்துக் கதையில் கொண்டுபோய் நிறுத்தினால் அவள் என்ன செய்வாள்? சுற்றி நிற்கிறவர்கள் பேசுவதை உற்றுக் கேட்பாள். அந்தக் கேட்கும் முகம் அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. யாரும் மறுத்தால் சண்டைக்கு வருவேன்.

தொலைக்காட்சிக்கு முந்திய சினிமாக் கணக்கை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரஜினியோடு ‘போக்கிரி ராஜா’, ‘மூன்று முகம்’ முதலிய படங்கள். தெலுங்கில் 1986இல் கே. விஸ்வநாத்தின் ‘சுவாதி முத்யம்’. ஊரார் முன்னிலையில் கமல் திடீரென்று தாலி கட்டிவிடுகிற இளம் விதவை. இந்தியாவின் சார்பில் ஆஸ்காருக்கு அனுப்பப்பட்ட படம் அது. தமிழில் ‘சிப்பிக்குள் முத்து’ என்று வந்தது. 1985இல் அவர் தயாரித்து, பிரதாப் போத்தன் இயக்கிய ‘மீண்டும் ஒரு காதல் கதை’ அறிமுக இயக்குநர் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. இருபத்து மூன்று வயதில் தயாரிப்பாளராகத் தேசிய விருது! இதை அறிந்தவர்கள் ஏன் உரக்கச் சொல்வதில்லை என்று எனக்குத் தெரியவில்லை. 1990இல் வசந்த் இயக்கிய ‘கேளடி கண்மணி’யில் காது கேளாத, வாய் பேசாத பெற்றோருக்கு மகள். அந்த வீட்டுக் காட்சிகளில் அவர் கையும் கண்ணுமாகப் பேசுவதைப் பாருங்கள்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பதரை மணி.

1999 டிசம்பரில் சன் டிவியில் ‘சித்தி’ தொடங்கியது. இந்தியிலே ஏக்தா கபூரின் மாமியார் தொடர் வந்து வடநாட்டைக் கட்டிப்போட்டதற்குச் சில மாதம் முந்தி. ராதிகாவின் ராடான் நிறுவனம் தயாரிப்பு, சி.ஜே. பாஸ்கர் இயக்கம், சாரதாவாக ராதிகா, ஜோடியாக சிவகுமார், எதிரியாகப் பிரபாவதி என்ற பெயரையே பயங்கரமாக்கிய யுவராணி. தெலுங்கில் ‘பின்னி’ என்று போனது. தமிழ்நாட்டில் அந்த நேரத்தில் தெரு வெறிச்சோடிக் கிடக்கும் என்று சொல்வார்கள். எங்கள் ஊரில் தெரு வெறிச்சோட வேறு காரணங்கள் இருந்தன. 2000 ஏப்ரலில் ஆனையிறவு இராணுவ முகாம் விழுந்து, குடாநாடே எந்தப் பக்கம் ஓடுவது என்று நின்ற காலம். ‘சித்தி’ எங்களுக்குக் கொழும்பிலிருந்து வருகிறவர்களின் வாய்வழிக் கதையாகத்தான் முதலில் வந்தது. “சாரதா இப்ப வீட்டை விட்டு வெளிக்கிட்டிட்டா” என்று மாமி ஒருத்தி வந்து சொன்னால், இரண்டு கிழமைக்கு அதே கதை.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை திறந்தது. லொறியில் சீமெந்து வந்தது, மோட்டார் சைக்கிள் வந்தது, டிஷ்ஷும் கேபிளும் வந்தன. ராதிகாவின் அடுத்த தொடர் ‘அண்ணாமலை’ அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்தது. அதிலிருந்து நான் முழு அடிமை. ஒரு சிக்கல் இருந்தது. அப்போது இலங்கை நேரம் இந்திய நேரத்துக்கு அரை மணி முந்தி ஓடியது. சென்னையில் ஒன்பதரை என்றால் எங்களுக்குப் பத்து. எட்டு மணிக்கே புட்டும் சம்பலும் சாப்பிட்டுப் படுக்கிற எங்கள் வீட்டில் பத்து மணி என்பது நடுச்சாமம். அம்மம்மா சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போட்டு, பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்க எழும்பி, முகம் கழுவித் திருநீறு பூசிக்கொண்டு கதிரையில் வந்து இருப்பா. கோயிலுக்குக்கூட அவ்வளவு ஆயத்தம் செய்வதை நான் கண்டதில்லை. 2006 சித்திரைப் புத்தாண்டோடு அரசாங்கம் மணிக்கூட்டை இந்திய நேரத்துக்கு மாற்றியது. நாட்டுக்கு அதனால் என்ன லாபமோ, எங்களுக்கு ராதிகா அரை மணி முந்தி வந்தார்.

அந்தச் சந்தோஷம் நாலு மாதம்தான். ஆகஸ்டில் ஏ9 மூடப்பட்டது, ஊரடங்கு வந்தது. இருட்டினால் படலைக்கு வெளியே கால் வைக்க முடியாது. ‘செல்வி’யின் கடைசிப் பகுதியும், 2007இலிருந்து 2009 வரை ‘அரசி’யும் அந்த இரவுகளில் ஓடியவை. மின்சாரம் இருக்கிற இரவுகளில் வேலிப் பொட்டுக்குள்ளால் பக்கத்து வீட்டார் வந்துவிடுவார்கள். சத்தத்தைக் குறைத்துத்தான் வைப்போம். வீதியில் வாகனம் போனால் இன்னும் குறைப்போம். ஆக, மறுபடியும் முகம் பார்க்கிற படிப்பு. தொடர் பார்ப்பது மூளையைக் கெடுக்கும் என்று புத்திசாலிகள் எழுதுவதை நானும் வாசித்திருக்கிறேன். அவர்கள் அந்த இரவுகளில் எங்களோடு இருந்து பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம்.

ஆனால் ஆறுதலுக்காக மட்டும் நான் இந்த மனுஷியைத் தலையில் தூக்கிவைத்து ஆடவில்லை. வேலைக்காரி என்பதற்காகவும்தான். சன் டிவியில் அந்தக் காலத்து ஏற்பாடு, தயாரிப்பாளர் நேரத்தை எடுத்துக்கொண்டு விளம்பரத்தைத் தாமே பிடிக்க வேண்டும். தொடர் தோற்றால் கைக்காசு போகும். அந்த ஆபத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு, கதையும் கேட்டு, கணக்கும் பார்த்து, காலையில் சேலை கட்டிக் கமராவுக்கு முன்னாலும் போய் நின்றார். ‘சித்தி’, ‘அண்ணாமலை’, ‘செல்வி’, ‘அரசி’, ‘செல்லமே’, ‘வாணி ராணி’ என்று ஏறத்தாழப் பத்தொன்பது வருஷம். ராடான் பங்குச் சந்தைக்குப் போனது. அமெரிக்காவில் லூசில் பால் என்ற நகைச்சுவை நடிகை, கணவரோடு நடத்திய டெசிலு ஸ்டூடியோவை 1962இல் முழுதாகத் தன் கைக்கு எடுத்துத் தானே தலைமை தாங்கினார். ‘ஸ்டார் ட்ரெக்’ பிறந்தது அந்த ஸ்டூடியோவில்தான். அந்த அம்மாவைப் பற்றி உலகம் புத்தகம் புத்தகமாக எழுதுகிறது. அதே வருஷம் பிறந்த எங்கள் ராதிகாவை “சீரியல் நடிகை” என்று ஒரு உதட்டுச் சுழிப்போடு முடித்துவிடுகிறோம்.

அவர் சொல்வதெல்லாம் எனக்குச் சம்மதம் என்று நினைக்க வேண்டாம். 2020இல் கிரிக்கெட் வீரர் முரளிதரனின் வாழ்க்கைப் படத்தில் நடிக்கக் கூடாதென்று விஜய் சேதுபதிக்கு எதிர்ப்பு எழுந்தபோது, எதிர்த்தவர்களை அவர் ட்விட்டரில் சாடியது எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் அன்று பெரிய வாக்குவாதம். 2024இல் பா.ஜ.க. வேட்பாளராக விருதுநகரில் நின்று மூன்றாம் இடத்துக்குப் போனபோது எனக்குக் கவலையும் இல்லை. அரசியல் மேடையில் அவரே பேச வேண்டியிருக்கிறது; கேட்கிற வேலை மற்றவர்களுக்கு.

இதற்கு நேர் எதிராக ஒன்று. 2019 டிசம்பரில் கலர்ஸ் தமிழில் பெண்களுக்கு மட்டுமான ‘கோடீஸ்வரி’ நிகழ்ச்சியை அவர் நடத்த வந்தார். அடுத்த மாதமே ஒரு கோடி ரூபாயை வென்றது, காது கேளாத, வாய் பேசாத ஒரு மதுரைப் பெண். அந்தப் பகுதியை நான் எத்தனை பேருக்குப் போட்டுக் காட்டியிருப்பேன்! போட்டியாளர் நிதானமாக இருக்கிறார். ராதிகா அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ‘கேளடி கண்மணி’ மகளுக்கு முப்பது வருஷம் கழித்துக் கிடைத்த காட்சி அது, எந்த இயக்குநரும் எழுதாமலே.

நடிப்பின் உச்சம் எது என்று கேட்டால், எல்லோரும் வேறு வேறு பெயர் சொல்வார்கள். நான் ‘வாணி ராணி’ என்பேன். 2013இலிருந்து 2018 வரை, 1,700 பகுதிகளுக்கு மேல். இரட்டைச் சகோதரிகள், வாணி வக்கீல், ராணி வீட்டோடு இருப்பவர், ஒரே வீட்டு அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். இரட்டை வேடம் சினிமாவில் புதிதா என்ன? ஆனால் இரண்டரை மணி நேரம் சமாளிப்பது ஒன்று, வருஷக்கணக்காக இரண்டு பேராக வாழ்வது வேறு. அக்காளும் தங்கையும் எதிரெதிரே நிற்கிற காட்சியில், எதிரே உண்மையில் அவரில்லை, வெறும் வெளிதான். அந்த வெளியைப் பார்த்துத்தான் ராணி அப்படிக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். வாணி கேட்கும்போது தாடை கொஞ்சம் உயர்ந்திருக்கும், குறுக்கு விசாரணைக்கு ஆயத்தமாக. ராணி கேட்கும்போது தோள் முன்னே வரும், ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளப் போகிற மாதிரி. சத்தத்தை முழுதாக நிறுத்திவிட்டு, நிற்பது யார் என்று மாமியோடு நான் பந்தயம் கட்டியிருக்கிறேன். சேலையைப் பார்க்காமல், தோளைப் பார்த்தே சொல்லிவிடுவா.

புது ஆட்களுக்கு அவரை ‘நானும் ரவுடிதான்’ போலீஸ் அம்மாவாகவும், ‘லவ் டுடே’ அம்மாவாகவும்தான் தெரியும். அதுவும் நல்லதுதான். ஆனால் பழைய தொடர்கள் ராடானின் யூடியூபில் கிடக்கின்றன. ரொறன்ரோவில் இருக்கிற சின்னம்மாவும் நானும் இப்போதும் ஒரே பகுதியைப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் சண்டை பிடிக்கிறோம். தொடங்குகிறவர்கள் ‘வாணி ராணி’யில் தொடங்குங்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும், அதற்கு மாமியிடம் பதில் இருக்கிறது: “அவசரப்படாதையும் பிள்ளை. வாணி கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு கோட்டுக்கு வரட்டும், பிறகு உம்மை எழுப்பேலாது.”