நாம் படிக்காத முதல் பக்கம்

மதுரைத் திட்டத்திலிருந்து ஒரு கோப்பை இறக்கும் நம்மில் பெரும்பாலோர் அதன் முதல் பக்கத்தைப் படிப்பதில்லை. தேவையான பாட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். என்னைக் கேட்டால், அந்தப் பக்கமும் விமர்சனத்துக்குரிய பிரதிதான்.

அப்படி என்ன இருக்கிறது அதில்? தட்டச்சு செய்தவர், மெய்ப்பு பார்த்தவர் பெயர்கள். கூடவே ஒரு நிபந்தனை: கோப்பை யாருக்கும் இலவசமாகக் கொடுக்கலாம், இந்தப் பக்கத்தை மட்டும் நீக்கக்கூடாது. அவ்வளவுதான்.

1998 பொங்கலன்று தொடங்கிய முயற்சி இது. ஒருவர் ஒரு எழுத்துருவில் அடித்தது இன்னொருவர் கணினியில் கிறுக்கலாகத் தெரிந்த காலம். முந்தைய ஆண்டுதான் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய மாநாட்டில் இணையத் தமிழ் பற்றிப் பேசியிருந்தார்கள். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாட்டுத் தன்னார்வலர்கள் சம்பளமில்லாமல் உட்கார்ந்து அடித்தார்கள். திஸ்கியில் வந்தவை பிறகு யுனிகோடுக்கும் மாறின.

இது நீடித்ததற்கு வேலையைச் சிறிதாக வெட்டியது முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். வருடிய பக்கங்களைப் பிரித்துக் கொடுத்து, பலர் சேர்ந்து மெய்ப்பு பார்க்கும் முறை பின்னால் வந்தது. ஒருவர் விலகினாலும் நூல் நின்றுவிடாது. நம்ம இலக்கியக் குழுக்கள் பலவற்றில் இது தலைகீழ். முதலில் சின்னம், அப்புறம் செயற்குழு, அப்புறம் யார் பெயர் மேலே என்ற சண்டை. வேலை என்னவென்று கடைசிவரை யாருக்கும் தெரியாது.

ஆனால் பாராட்டிவிட்டு நகர முடியவில்லை. தொடக்க காலக் கோப்புகள் பலவற்றில், எந்த அச்சுப் பதிப்பிலிருந்து எடுத்தார்கள் என்ற குறிப்பு கிடையாது. அடித்தவர் பெயர் இருக்கிறது, பதிப்பித்தவர் பெயர் இல்லை. பாடபேதம் நிறைந்த பழந்தமிழ் நூல்களில் இது சின்ன விடுபடல் அல்ல. ஒரு சொல்லை வைத்து வாதிடுகிறவன், அது யார் ஏற்ற பாடம் என்று தெரியாமலே வாதிடுகிறான். பிற்காலக் கோப்புகள் பலவற்றில் மூலநூல் விவரம் வருகிறது. முதல் நாளிலேயே ஒரு வரி கூடுதலாகக் கேட்டிருந்தால் போதும். இன்னொன்று, தமிழுக்காக உழைத்தவர்களுக்கு அந்தப் பக்கத்தில் நன்றி சொல்வது பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

புதிதாகக் குழு தொடங்குகிறவர்கள் இங்கிருந்து எடுத்துக்கொள்ள இரண்டு கேள்விகள் உண்டு. யார் செய்தார்? எதிலிருந்து செய்தார்? முதல் கேள்விக்கு மதுரைத் திட்டம் தொடக்கத்திலேயே பதில் எழுதிவைத்தது. இரண்டாவதை, மேற்கோள் காட்டும் நாமாவது அச்சுப் பதிப்போடு ஒருமுறை ஒப்பிட்டு நிரப்பலாம்.