திரை மறைத்த வாழ்வு

கோயில் திருவிழாக்களில் மேளச்சமா கேட்டு வளர்ந்த நம்மவர்க்கு, 1968-இல் ஏ. பி. நாகராஜன் இயக்கிய தில்லானா மோகனாம்பாள் என்றும் இனியதே. அதன் கதைத்தலைவனாகிய நாகசுரக் கலைஞன் சிக்கல் சண்முகசுந்தரத்தில் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் சாயலைக் காண்போர் பலர். சாயல் உண்டெனினும் அது பாதியே. கலைச்செருக்கும் முன்கோபமும் தலைவனுக்கு அழகு செய்யும் குறைகள். அவற்றைப் படம் ஏற்றுக்கொண்டது. 1956-இல் மறைந்த பிள்ளையவர்களின் மதுப்பழக்கத்தையும் ஐந்து திருமணங்களையும் அது தீண்டவில்லை.

கே. பாலசந்தரின் சிந்து பைரவி (1985) கற்பனைக் கதையேயாயினும், இசைவாணரின் மதுவையும் பிறழ்ச்சியையும் காட்டத் துணிந்தது. ஆயினும் முடிவில் அவர் மீள்கிறார். சிந்துவோ தான் பெற்ற மகவைக் கொடுத்துவிட்டு நீங்குகிறாள். ஆடவன் பிழைக்குப் பெண் செலுத்திய விலை அங்கே தியாகமெனப் போற்றப்படுகிறது. மறைத்தலினும் நுண்ணிய பூச்சு இது.

வாழ்வின் மாசு வெளிப்படின் கலையின் மதிப்புக் குன்றுமென்று அஞ்சுவோர் உளர். பிள்ளையவர்களின் வாழ்வை முற்றும் அறிந்து கேட்பினும் அவர்தம் தோடி தோடியே. ஆதலின் மாணவர் இத்தகைய படங்களைச் சுவைக்கலாம். வரலாறாகக் கொள்ளுதல் தகாது.