போடியிலிருந்து ஹாக்கி பார்ப்பது எப்படி?

2025 நவம்பர் 29 அன்று மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பை ஆட்டத்தில் இந்தியா ஓமனை 17–0 என்று வென்றது. மூன்று நாள் கழித்து அதே மைதானத்தில் சுவிட்சர்லாந்தை 5–0 என்று வென்றது. போடிநாயக்கனூருக்கு இவ்வளவு பக்கத்தில் உலகக் கோப்பை ஹாக்கி வந்தது அதுதான் முதல்முறை. 2010 கடைசியில் நின்றுபோன மதுரை ரயில், அகலப்பாதையாகி 2023 ஜூன் 15 முதல் மறுபடி போடி வரை வருகிறது. ஆட்டத்துக்கு அனுமதியும் இலவசம். போடிமெட்டுக்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களில் வேலை பார்க்கிறவர்கள்கூட ஒரு நாள் லீவு போட்டால் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கலாம்.

ஆனால் 17 கோல் விழுந்த ஆட்டம், ஹாக்கி பார்க்கக் கற்றுக்கொள்ள நல்ல ஆட்டம் அல்ல. வலைக்குள் பந்து போய்க்கொண்டே இருந்தால், அது எங்கிருந்து எப்படிப் போனது என்று யாரும் கேட்கப் போவதில்லை. கற்றுக்கொள்ள ஏற்றது 2–1, 1–1 என்று இழுபறியாகப் போகும் ஆட்டம்தான்.

ஹாக்கி புரியவில்லை, எதற்கு விசில் ஊதுகிறார்கள் என்றே தெரியவில்லை என்று அலுத்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் பந்தையே துரத்திக்கொண்டிருப்பார்கள். ஏறக்குறைய 160 கிராம் எடையுள்ள சின்னப் பந்து அது. ஈரமான செயற்கைத் தளத்தில் வழுக்கிக்கொண்டு ஓடும்போது, எதிரணி வீரருக்கே சில நேரம் தப்பிவிடும். போடியில் ஏலக்காய் பொறுக்கும் பெண்களுக்குத் தட்டில் கொட்டியதுமே கருத்த காயும் வெடித்த காயும் தனியாகத் தெரிந்துவிடும். ஒவ்வொரு காயாக உற்றுப் பார்க்க மாட்டார்கள். ஹாக்கிக்கும் அப்படித்தான் கண் பழக வேண்டும். மைதானம் முழுவதையும் பார்வையில் வைத்துக்கொண்டால், பந்து தானாகவே அதற்குள் வந்துபோகும்.

முதலில் கவனிக்க வேண்டியது மட்டை. தட்டையான முகம் ஒரு பக்கம்தான் உண்டு. அதுவும் இடது பக்கம். இடதுகை வீரருக்கென்று தனி மட்டை கிடையாது. அதனால் எல்லோருமே பந்தைத் தங்கள் வலது பக்கத்தில் வைத்துத்தான் ஓடுகிறார்கள். வலது ஓரமாகப் பாயும் வீரரின் பந்துக்கும் அவரைத் தடுக்க வருகிறவருக்கும் நடுவே அவருடைய உடம்பே வேலியாக நின்றுவிடும். இடது ஓரமாகப் போகிறவருக்கு அந்த வசதி இல்லை. பந்து தடுப்பவர் பக்கமே திறந்து கிடக்கும். ஓர் அணி வலது ஓரத்தையே திரும்பத் திரும்ப நாடுவதற்கு இது ஒரு காரணம். இடது ஓரத்திலிருந்து மட்டையின் விளிம்பால் வீசி அடிக்கும் ‘ரிவர்ஸ் ஹிட்’டுக்குக் கூட்டம் எழுந்து நிற்பதும் சும்மா இல்லை. வசதி இல்லாத பக்கத்திலிருந்து வருகிற அடி அது.

அடுத்தது பெனால்டி கார்னர். விசில் ஊதியதும் பலர் தண்ணீர் குடிக்கத் திரும்புவார்கள். அந்த நேரத்தில்தான் திரும்பவே கூடாது. தடுக்கும் அணியில் கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் மட்டும் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்பார்கள். அந்த அணியின் மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். முகமூடியை இழுத்து மாட்டுவதும், முழங்கால் காப்பைச் சரிசெய்வதும், யார் எந்தப் பக்கம் பாய்வது என்று கையை நீட்டிப் பேசிக்கொள்வதும் அந்தச் சில விநாடிக்குள் நடந்துவிடும். கோல் கம்பத்திலிருந்து பத்து மீட்டர் தள்ளி ஒருவர் பந்தை உள்ளே தள்ளுவார். பந்து கோலுக்கு முன்னால் உள்ள வட்டத்தைத் தாண்டி வெளியே வந்த பிறகுதான் கோலை நோக்கி அடிக்கலாம். ஓங்கி அடிக்கும் முதல் அடி கோல் பலகை உயரத்துக்கு, அதாவது 46 சென்டிமீட்டருக்கு, மேலே போகக்கூடாது. மட்டையோடு இழுத்து வீசும் டிராக் ஃபிளிக்குக்கு அந்தக் கட்டு இல்லை. மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி அது வரும்போது, கோட்டிலிருந்து நேராக அதன் முகத்துக்கே ஓடும் ஒருவர் இருப்பார். அவர் பெயர் ஃபர்ஸ்ட் ரஷர். கண்ணை அவர் மேல் வையுங்கள்.

இந்த ஒரு ஆளின் மதிப்பு என்ன என்பதை 2024 பாரிஸ் ஒலிம்பிக் காட்டியது. கால் இறுதியில் பிரிட்டனுக்கு எதிராக 17-வது நிமிடத்திலேயே அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். மீதி நாற்பது நிமிடத்துக்கு மேல் இந்தியா பத்துப் பேரோடு ஆடி 1–1 என்று நிறுத்தி, ஷூட் அவுட்டில் 4–2 என்று வென்றது. அந்த ஆட்டம் மறுபடி பார்க்கக் கிடைத்தால், கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்ததை மட்டும் பார்க்காதீர்கள். ஓர் ஆள் குறைந்த இடத்தை மற்ற ஒன்பது பேரும் எப்படி நகர்ந்து நகர்ந்து அடைத்தார்கள் என்று பாருங்கள். தடை காரணமாக அரை இறுதியில் ரோஹிதாஸ் இல்லை. அவர்தான் இந்தியாவின் ஃபர்ஸ்ட் ரஷர். ஜெர்மனியின் கோன்சாலோ பெய்லாட் பெனால்டி கார்னரில் கோல் போட்டார். இந்தியா 2–3 என்று தோற்றது. காரணம் அது ஒன்றுதான் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்த ஓட்டம் அன்றைக்கு இல்லாதது கண்ணுக்குத் தெரிந்தது.

டர்ஃப் வந்துதான் நம் ஹாக்கி கெட்டது என்று பழைய ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள். செயற்கைத் தளம் ஒலிம்பிக்கில் முதலில் வந்தது 1976-இல் மாண்ட்ரியலில். இந்தியாவுக்கு ஏழாம் இடம். 1980-இல் நம் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வந்தது. அதற்கடுத்த பதக்கம் 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் வெண்கலம். பழைய ரசிகர்களின் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மண் தரையில் பந்து கல்லில் பட்டு எகிறும். அங்கே பழகும் பையன் குனிந்து பந்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், வேறு வழியில்லை. டர்ஃபில் பந்து சொன்னபடி உருளும் என்பதால் தலை நிமிரும். யார் எங்கே நிற்கிறார் என்று தெரியும். 1990-களில் ஆஃப்சைடு விதியையும் எடுத்துவிட்ட பிறகு, தலை நிமிராதவருக்கு இந்த ஆட்டத்தில் இடமே இல்லை. குற்றம் டர்ஃபின் மேல் இல்லை. அது நம் பையன்களுக்கு எட்டாத தூரத்தில் கிடந்ததுதான் குற்றம்.

எட்டிய இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்குக் கோவில்பட்டி சாட்சி. அங்கே தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணைய விடுதியில் தங்கிப் பயின்ற மாரீஸ்வரன் சக்திவேலும் அரியலூர் கார்த்தி செல்வமும் இந்தியச் சட்டை போட்டார்கள். தேனி மாவட்டத்தில் பெரியகுளம் கூடைப்பந்துக்குப் பேர் போன ஊர். விளையாட்டு வராத மண் அல்ல இது.

இந்திய ஹாக்கி இன்று நல்ல நிலையில் இருக்கிறதா? 2018 முதல் ஒடிசா அரசு தேசிய அணிகளுக்குத் துணை நிற்கிறது. பாரிஸிலும் வெண்கலம் வந்தது. 2025-இல் ராஜ்கிரில் கொரியாவை 4–1 என்று வென்று ஆசியக் கோப்பையும், அதன் வழியாக 2026 உலகக் கோப்பைக்கு இடமும் கிடைத்தன. ஆனால் 2024–25 பருவத்தில் புரோ லீகில் ஆண்கள் அணி ஒன்பது அணிகளில் எட்டாவது இடம் பிடித்தது. மகளிர் அணி கடைசி இடத்தால் லீகிலிருந்தே இறங்கியது. பதக்கத்தை மட்டும் எண்ணினால் முன்பாதி மட்டும் தெரியும். ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியைப் பார்க்கிறவருக்குத்தான் முழு விவரமும் தெரியும். சில நிமிடத்துக்கொரு முறை ஃபார்வர்டுகளை மாற்றி மாற்றி இறக்குவதே, அந்தப் பதினைந்து நிமிடத்துக்குக் காலில் தெம்பு மிச்சம் இருக்கத்தான். ஜூனியர் உலகக் கோப்பையின் வெண்கல ஆட்டத்தில், சென்னை எழும்பூரில், அர்ஜென்டினாவிடம் 0–2 என்று பின்தங்கியிருந்த இந்தியப் பையன்கள் அந்தக் கடைசிப் பகுதியில் நான்கு கோல் போட்டு 4–2 என்று வென்றார்கள்.

மைதானத்துக்குப் போனால் நடுவில் இடம் பிடிக்க முண்டியடிக்க வேண்டாம். கோலுக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில் உட்காருங்கள். தடுப்பு வரிசை எப்படி விரிந்து சுருங்குகிறது என்பது அங்கிருந்துதான் தெரியும். டிவி அதைக் காட்டாது. 2026 ஆகஸ்டில் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடக்கும் உலகக் கோப்பையை டிவியில் பார்க்கிறவர்கள், பந்து தடுப்பு வீரரின் மட்டையில் இருக்கும்போது ஃபார்வர்டுகள் எங்கே நகர்கிறார்கள் என்று தேடிப் பழகலாம்.

மதுரைத் தளம் போட்டி முடிந்ததும் சுருட்டி வைக்கப்படவில்லை. போடி, தேனி பள்ளிகளின் பிள்ளைகளை மாதம் ஒரு சனிக்கிழமையாவது அந்த ரயிலில் ஏற்றி அங்கே அழைத்துப்போய், மட்டையைக் கையில் கொடுத்து இறக்கிவிடலாம். முதல் பத்து நிமிடம் குனிந்தே ஓடுவார்கள். அதற்குப் பிறகு நிமிர்வார்கள்.