ரப்பரும் பால்மரமும்: ஒரு கடன்சொல்லின் பொருள்விரிவும் இலக்கிய ஆட்சியும்

ஆய்வுச் சுருக்கம்
'ரப்பர்' என்னும் கடன்சொல் தமிழில் மரம், மூலப்பொருள், செய்பொருள், பண்பு எனப் பல பொருள்களில் வழங்குகிறது. விற்பனைப் பொருளாக வந்த இடத்தில் கடன்சொல் நிலைபெற்றதையும், உழைப்புக் களத்தில் தமிழ்ச்சொற்கள் பிறந்ததையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ரப்பர், பால்மரம், கடன்சொல், பொருள்விரிவு, புலம்பெயர்வு.

முன்னுரை
ஆங்கிலத்தில் இச்சொல்லின் வேர்ப்பொருள் 'தேய்ப்பது' என்பதாகும். பென்சில் எழுத்தைத் தேய்த்தழிக்க இப்பொருள் உதவுவதை 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி குறிப்பிட்டார். தொழிலாகுபெயராகத் தோன்றிய பெயர் பின்னர் மரத்திற்கும் ஆயிற்று. தமிழுக்கு வந்தபோது அவ்வேர்ப்பொருள் மறைந்து, பெயர் மட்டுமே எஞ்சியது.

பேச்சு வழக்கு
விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்கள் ரப்பர் மரம் பயிராகாத நிலப்பகுதிகள். இங்குச் சொல் கடைப்பொருள்களின் வழியே வந்தது. பள்ளிச் சிறார்க்கு ரப்பர் என்பது அழிப்பான். ரப்பர் செருப்பு, ரப்பர் வளையல், ரப்பர் பந்து என்பவற்றில் அது மூலப்பொருளைச் சுட்டும் அடை. 'ரப்பர் மாதிரி இழுக்கிறான்' என்பது காலந்தாழ்த்தலையும், 'ரப்பர் ஸ்டாம்ப்' என்பது அதிகாரமற்ற பதவியாளரையும் குறிக்கும்.

எழுத்து வழக்கு
ரகரம் மொழிமுதலாகாது என்பதால், நன்னூல் நெறிப்படி இகரம் முன்வந்து 'இரப்பர்' என எழுதப்படுகிறது. இலங்கையில் 'இறப்பர்' என்னும் வடிவமும் உண்டு. முன்னது 'யாசிப்பர்' எனவும் பின்னது 'சாவர்' எனவும் பொருள்படும் வினைமுற்றுகளோடு வடிவால் ஒன்றுகிறது. மயக்கத்தைச் சூழல் தீர்க்கும். எனினும், எழுத்தைத் திருத்துவதால் மட்டும் ஒரு சொல் தமிழாகிவிடாது என்பதை இது காட்டுகிறது.

உழைப்பின் சொற்கள்
1877இல் சிங்கப்பூரை அடைந்த 22 கன்றுகளைத் தொடர்ந்து மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அங்குச் சென்ற தமிழ்த் தொழிலாளருள் தென்னார்க்காட்டு மாவட்டத்தாரும் இருந்தனர். விழுப்புரமும் திண்டிவனமும் அன்று அம்மாவட்டத்தின் பகுதிகள். எருக்கம்பால், கள்ளிப்பால் என வழங்கிப் பழகியவர்க்கு, கீறினால் பால் வடியும் புதுமரம் 'பால்மரம்' ஆனது இயல்பே எனக் கருத இடமுண்டு. பால்வெட்டு, ஒட்டுப்பால் என்பனவும் இவ்வகையின.

இலக்கிய ஆட்சி
மலேசியத் தோட்டத் தமிழரைப் பாடும் அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' தொழிலாளர் சொல்லையே தலைப்பாக்குகிறது. பால் என்னும் சொல்லில் தாய்மையின் சாயலும் உண்டு. காயம்பட்டே ஊட்டும் மரம் உழைப்பவருக்கு உவமையாகிறது. குமரி மண்ணைக் களமாகக் கொண்ட ஜெயமோகனின் 'ரப்பர்' (1990) கடன்சொல்லையே நிறுத்துகிறது. அங்கு மரம் செல்வத்தின் கருவி. ஆயினும், குமரியில் மக்கள் வழக்கே 'ரப்பர்' என்பதால், அத்தலைப்பை அயன்மையின் குறியீடாக மட்டும் கொள்வது மிகையாகும். அங்கும் மரத்தின் பெயர் கடனாக இருக்க, 'பால்வெட்டு' முதலிய தொழிற்சொற்கள் மண்ணின் சொற்களாகவே உள்ளன.

முடிவுரை
பொருளை வாங்கியவர் பெயரையும் சேர்த்து வாங்கினர். மரத்தோடு உழைத்தவர் தம் சொற்களை ஆக்கினர். எனவே கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் எழுத்து வடிவத்தோடு அமையாமல் தொழிற்களச் சொற்களையும் தொகுத்தல் வேண்டும். தோட்டங்களை விட்டு மக்கள் நீங்கும்போது அச்சொற்களும் வழக்கொழியும்.