ஆங்கில உயிரொலிகளும் குறில் நெடில் விளக்கமும்

ஆங்கில ஒலிப்பைத் தமிழ்வழிக் கற்பிக்கும் நூல்கள் பலவும் அம்மொழியின் உயிர்களைக் குறில், நெடில் எனப் பகுத்துக் காட்டுகின்றன. மாணவர்க்குப் பழகிய இச்சொற்கள் கற்பித்தலை எளிதாக்குவனபோலத் தோன்றினும், அவை மறைப்பனவும் சில உள. தமிழில் 'விடு', 'வீடு' என்பவற்றைப் பொருளால் வேறுபடுத்துவது முதன்மையாக உயிரின் கால அளவே. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்னும் தொல்காப்பிய வரையறை இங்குப் பொருந்துகிறது. ஆங்கிலத்திற்கும் அது அவ்வாறே பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

ஆங்கிலப் பள்ளி மரபில் நெடில் எனப்படுவது பெரும்பாலும் எழுத்தின் பெயரொலியே. பெயரைக் குறிக்கும் 'நேம்' என்னும் சொல் முற்காலத்தில் ஆகார ஒலி பெற்றிருந்தது. ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு வரை நிகழ்ந்த பெரும் உயிர்மாற்றத்தால் அவ்வொலி திரிந்தது. நெடில் என்னும் பெயர் மட்டும் நின்றது. பூனையைக் குறிக்கும் சொல்லின் உயிரோ அம்மரபில் குறிலாகும். தமிழில் அவ்வொலி இன்மையால் அச்சொல்லும் வாயிலைக் குறிக்கும் சொல்லும் 'கேட்' என்றே எழுதப்படுகின்றன. குறிலெனக் கற்பித்ததை நெடிலால் எழுதும் முரண் இதனால் விளைகிறது.

கப்பலைக் குறிக்கும் 'ஷிப்', செம்மறியாட்டைக் குறிக்கும் 'ஷீப்' என்னும் இணை கால அளவால் வேறுபடுவது உண்மையே. எனினும் நாவின் நிலையும் அவற்றில் வேறுபடுகிறது. 'ஷீப்' என்பதில் நா மேலும் உயர்ந்து முன் செல்கிறது. டேனியல் ஜோன்ஸ் 1917இல் வெளியிட்ட ஒலிப்பகராதி இவ்விரு உயிர்களுக்கும் ஒரே குறியை அளித்து, நீட்டக்குறியால் மட்டும் வேறுபடுத்தியது. கிம்சன் திருத்திய 1977ஆம் ஆண்டுப் பதிப்பு இரண்டிற்கும் தனித்தனிக் குறி அளித்தது. ஒலித்தன்மையின் இன்றியமையாமையை இம்மாற்றம் உணர்த்துகிறது.

கால அளவும் ஆங்கிலத்தில் நிலையானதன்று. இருக்கையைக் குறிக்கும் சொல்லும் விதையைக் குறிக்கும் சொல்லும் தமிழெழுத்தில் 'சீட்' என்றே அமையும். முன்னதன் இறுதிமெய் ஒலிப்பிலா ஒலி. பின்னதன் இறுதிமெய் ஒலிப்புடை ஒலி. ஒலிப்பிலா மெய்க்கு முன் உயிர் வெகுவாகக் குறுகும். ஆகவே இருக்கைச் சொல்லின் 'நெடில்', குழந்தையைக் குறிக்கும் 'கிட்' என்பதன் 'குறில்' அளவிற்கு ஏறக்குறைய இறங்கிவிடுகிறது. நீட்டத்தை மட்டும் செவிமடுக்கப் பயின்ற மாணவர், இருக்கைச் சொல்லை உட்காருதலைக் குறிக்கும் 'சிட்' எனக் கேட்க நேரும். இக்குழப்பத்திற்கு அவர்தம் கவனக்குறைவினும் கற்றுக்கொண்ட விளக்கமே பெரிதும் காரணமாகும்.

இதற்குரிய தீர்வும் தமிழிலக்கண மரபிலேயே உளது. குற்றியலுகரம், ஐகாரக்குறுக்கம், மகரக்குறுக்கம் ஆகியன, சொல்லில் நிற்கும் இடமும் சூழலும் ஒலியின் அளவைக் குறைக்கும் என்பதை உணர்த்துகின்றன. காரணம் வேறாயினும், சூழலால் அளவு குறுகும் என்னும் அக்கருத்து ஆங்கில உயிர்க்கும் ஏற்றதே. எனவே, முதலில் நாவின் நிலையால் உயிர்களை வேறுபடுத்தி, பின்னர் அவை குறுகும் சூழலைக் காட்டுதல் வேண்டும். குறில் நெடில் பாகுபாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு குறுக்கத்தை விட்டுவிடும் பாடநூல், தமிழ் மரபிலிருந்து பாதியையே பெற்றதாகும்.