எத்தியோப்பியாவில் மழை இல்லை என்று சொன்னேன்

போன வாரம் தங்கை மகன் தட்டில் பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். "எத்தியோப்பியாவுல உன் வயசுப் புள்ளைங்க சோறில்லாம கிடக்குதுங்க, தெரியுமா?" என்றேன். என் அம்மா என்னிடம் சொன்ன அதே வசனம். அவன் விடவில்லை. "ஏன் மாமா சோறில்லை?" "மழை இல்லப்பா."

சொன்ன பிறகுதான் உறுத்தியது. இது எனக்கு எப்படித் தெரியும்? நான் எத்தியோப்பியா போனதில்லை. அந்த நாட்டைப் பற்றி ஒரு புத்தகம்கூட அதுவரை படித்ததில்லை. பள்ளியில் ஒல்லிப் பையன்களுக்கு 'எத்தியோப்பியா' என்று பட்டப்பெயர் வைப்போம் (எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் அதைச் 'சோமாலியா' ஆக்கினார்கள்). வரைபடத்தில் காட்டச் சொன்னால் முழித்திருப்போம். ஆனால் படம் மட்டும் மனசில் இருந்தது: வீங்கிய வயிறு, ஈ மொய்க்கும் முகம், வெடித்த மண்.

அந்தப் படத்துக்குப் பிறந்த தேதியே இருக்கிறது. 1984 அக்டோபர் 23. வட எத்தியோப்பியாவின் கோரம் என்ற ஊரிலிருந்து மைக்கேல் புயர்க் கொடுத்த செய்தியை அன்று பிபிசி ஒளிபரப்பியது. கேமரா, கென்யாவைச் சேர்ந்த முகமது அமீன். பைபிள் காலத்துப் பஞ்சம் இந்த நூற்றாண்டில் நடக்கிறது என்கிற தொனியில் தொடங்கும் அந்தச் சில நிமிடச் செய்தியை உலகெங்கும் நானூறுக்கும் மேற்பட்ட தொலைக்காட்சிகள் எடுத்துப் போட்டன. டிசம்பரில் பாப் கெல்டாஃப் பாடகர்களைத் திரட்டிப் பாட்டு வெளியிட்டார். அடுத்த ஜூலையில் லண்டனிலும் ஃபிலடெல்பியாவிலும் 'லைவ் எய்ட்' கச்சேரி. பணம் கொட்டியது, உயிர்கள் பிழைத்தன. அதை நான் மறுக்கவில்லை. அமீனின் கேமரா அங்கே போகாமல் இருந்திருந்தால் இன்னும் பல பேர் செத்திருப்பார்கள்.

என் சிக்கல் அந்தப் படத்தில் விழாத விஷயத்தோடு. வறண்ட மண் படத்தில் விழும். போர்க் கொள்கை விழாது. மழை பொய்த்தது உண்மைதான். ஆனால் பஞ்சம் கொடூரமாக இருந்த திக்ரே, வொல்லோ, எரித்திரியா எல்லாம் மெங்கிஸ்துவின் ராணுவ அரசு கிளர்ச்சியாளர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த பகுதிகள். அல்லது அதை ஒட்டியவை. சந்தைகள் மேல் குண்டு போட்டார்கள். கிளர்ச்சியாளர் பகுதிக்கு உணவு போகாமல் தடுத்தார்கள். சுமார் ஆறு லட்சம் பேரை வடக்கிலிருந்து தெற்கே கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள், அதில் பலரைப் பலவந்தமாக. இதைக் கண்டித்த 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பின் பிரெஞ்சுக் கிளையை 1985 டிசம்பரில் நாட்டை விட்டே துரத்தினார்கள். அலெக்ஸ் டி வால் 1991இல் இதையெல்லாம் விரிவாகத் தொகுத்து ஒரு புத்தகமே கொண்டுவந்தார். புத்தகம் எத்தனை பேரை எட்டும்? செத்தவர்கள் நாலு லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். நமக்கு மிஞ்சியது 'மழை இல்லப்பா'.

கெல்டாஃப் பாட்டின் தலைப்பு, இது கிறிஸ்துமஸ் என்று அவர்களுக்குத் தெரியுமா எனக் கேட்கிறது. நாலாம் நூற்றாண்டிலேயே கிறித்துவத்தை ஏற்ற நாட்டைப் பார்த்து! அங்கே கிறிஸ்துமஸ் ஜனவரி 7. டிசம்பர் 25 அன்று கேட்டிருந்தால், "இன்னும் 13 நாள் இருக்கே" என்று பதில் வந்திருக்கும்.

இது வெறும் என் வீட்டுக் கதையா என்று கொஞ்சம் நோண்டியதில் 2004இல் வந்த ஒரு ஆய்வு கிடைத்தது. வேய்ன் வாண்டா, கை கோலன், சியோல்ஹான் லீ மூவரும் அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகளையும் வெளிநாடுகள் பற்றிய கருத்துக்கணிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு நாட்டைப் பற்றி எதிர்மறைச் செய்தி கூடக்கூட, அந்த நாட்டைப் பற்றிய அபிப்பிராயமும் மோசமாகிறது. சரி, எதிர்பார்த்ததுதான். ஆனால் நல்ல செய்தி? அதற்கு எந்தப் பாதிப்பும் தெரியவில்லை! இதைப் படித்ததும், 'ஆப்பிரிக்காவைப் பற்றி நல்ல செய்தியும் போடுங்கள்' என்கிற வழக்கமான தீர்வு மேல் எனக்கு இருந்த நம்பிக்கை போய்விட்டது. 'எகனாமிஸ்ட்' அதைத்தான் செய்து பார்த்தது. 2000இல் அட்டையில் நம்பிக்கையற்ற கண்டம், 2011இல் எழுச்சி பெறும் கண்டம். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு இரண்டு தடவையும் ஒரே லேபிள்தான்.

விஷயம் 1984உடன் முடிந்திருந்தால் இந்தக் குறிப்பை எழுதியிருக்க மாட்டேன். 2020 நவம்பரில் அதே திக்ரேயில் மறுபடி போர். இந்த முறை போன், இணையம் துண்டிப்பு. பத்திரிகையாளர்களுக்குத் தடை. உணவு லாரிகள் வழியில் நின்றன. 2021 ஜூனில் மூன்றரை லட்சம் பேர் பஞ்சத்தின் கடைசிக் கட்டத்தில் இருப்பதாக ஐநா அமைப்புகள் சேர்ந்த மதிப்பீடு சொன்னது. இந்தத் தடவை காரணம் எல்லோருக்கும் தெரியும், போர். ஆனால் படம் இல்லை. 2022இல் உலக சுகாதார நிறுவனத் தலைவர் டெட்ரோஸ், உக்ரைனுக்குக் கிடைக்கும் கவனம் திக்ரேக்குக் கிடைக்காததற்குத் தோல் நிறம் காரணமாக இருக்கலாம் என்றார். (அவர் திக்ரேக்காரர், பழைய ஆட்சியில் அமைச்சர். அதையும் மனசில் வைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டும்.) நிறம் ஒரு காரணமாக இருக்கலாம். எனக்குத் தோன்றுவது இன்னொன்று. அப்போது அலுவலக நண்பர் ஒருவரிடம் திக்ரே பற்றிப் பேச்செடுத்தேன். "எத்தியோப்பியாவா? அங்க எப்பவுமே அப்படித்தானே," என்று டீயைக் குடித்து முடித்தார். 1984இல் அதிர்ச்சியாகப் பார்த்த காட்சி, அதற்குள் அந்த நாட்டின் பருவநிலை மாதிரி ஆகிவிட்டிருந்தது. வெயில் அடிக்கிறது என்றால் யார் பதறப் போகிறார்கள்? அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் அன்று பேச்சை மாற்றிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை மகன் மறுபடி வருகிறான். மழை இல்லை என்று சொன்னதைத் திருத்தியாக வேண்டும். பத்து வயசுப் பையனுக்கு மெங்கிஸ்துவை எங்கிருந்து ஆரம்பிப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.